1995 இடப்பெயர்வை நாவலாக எழுதுகிறவருக்கு

கேள்வியின் சாரம் இது: கொக்குவிலைச் சேர்ந்த ஒரு குடும்பம் 1995 ஒக்ரோபரில், போரில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தை விட்டு வெளிக்கிடுகிறது. வழியில் அப்பு இறந்துபோகிறார். பிறகு மகன் ஒருவன் காணாமற் போகிறான். எழுதுகிறவர் அதற்குப் பிறகு பிறந்தவர். எந்தெந்த இடங்களில் தகவற்பிழை வரும், இழப்பை மிகைப்படுத்தாமல் எழுதுவது எப்படி என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு கேள்விகளையும் பிரிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் சாவுக்கு ஒரு நாட்கணக்கு இருக்கிறது: எரித்த மறுநாள் சாம்பல் அள்ளும் காடாத்து, எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை, ஆண்டு முடிவில் ஆட்டைத் திவசம். அழுவதற்கும் அழுகையை நிறுத்துவதற்கும் அந்தக் கணக்குத்தான் இடம் கொடுத்தது. போர் ஆட்களை எடுத்ததோடு இந்தக் கணக்கையும் குலைத்தது. எந்த நாளில் எந்தக் கருமத்தை ஏன் செய்ய முடியாமற் போனது என்பதைச் சரியாக எழுதினால், துக்கத்துக்கென்று தனியாகச் சொல் தேட வேண்டி வராது. ஆனால் அதற்குத் திகதியும் பாதையும் மழையும் மண்ணெண்ணெயும் பிழைக்காமல் இருக்கவேண்டும்.

முதலில் திகதிகள். 1995 ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் ஏப்ரல் 19இல் முறிந்தது. ஜூலையில் இராணுவத்தின் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கை. அப்போதுதான், ஜூலை 9ஆம் திகதி, நவாலி சென் பீற்றேர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செப்ரெம்பர் 22இல் வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்து பிள்ளைகள் இறந்தார்கள். ஒக்ரோபர் 17இல் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் 'ரிவிரெச' நடவடிக்கை தொடங்கியது, சனத்தின் வாயில் 'சூரியக்கதிர்'. ஒக்ரோபர் 30 மாலை ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வலிகாமம் எங்கும் வந்து, எல்லோரும் கிழக்கே தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போங்கள் என்று அறிவித்தன. டிசெம்பர் 5இல் யாழ்ப்பாணக் கோட்டையில் அரசாங்கக் கொடி ஏறியது. 1996 ஏப்ரல் 19இல் படை தென்மராட்சிக்குள் வந்தது, அடுத்த மாதம் வடமராட்சிக்குள்.

உங்கள் பாத்திரங்கள் ஏன் வெளிக்கிட்டார்கள் என்பதை ஒரே காரணத்தில் அடைக்காதீர்கள். இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், போகச் சொன்னது உண்மை. தங்கி நிற்க நினைத்தவர்களும் அடுத்தடுத்த நாட்களில் போகவேண்டி வந்தது. ஆமி நீர்வேலிப் பக்கம் வந்துவிட்டான் என்ற பயமும் உண்மை, ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நவாலிக்குப் பிறகு, கோயிலுக்குள்ளோ தேவாலயத்துக்குள்ளோ இருந்தால் தப்பலாம் என்ற பழைய நம்பிக்கை சனத்திடம் இல்லை. இந்த மூன்றில் ஒன்றை எழுதி மற்றதை விட்டால் நாவல் பிரசாரமாகிவிடும். ஒரே வீட்டுக்குள் அப்பு 'நான் வரேல்லை' என்று இருக்க, ஆச்சி மூட்டை கட்ட, மகன் வாசலில் நின்று வாகனம் சொல்வதைக் கேட்க, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம்.

அன்றைய நாள் திங்கட்கிழமை. தீபாவளி போய் ஒரு கிழமை. 24ஆம் திகதி காலை சூரிய கிரகணம் வந்து போயிருந்தது. கந்தசஷ்டி விரதம் அப்போதுதான் முடிந்திருந்தது, ஆறு நாள் விரதமிருந்த உடம்போடு நடந்த பெண்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம். நிலவு வளர்பிறையில் பாதி. நள்ளிரவுக்குக் கிட்ட மறைந்துவிடும். ஆகவே பூரண நிலவில் நடந்த சனம் என்று எழுதவே கூடாது. பூரணை நவம்பர் 7இல்தான். முன்னிரவில் முகிலுக்குள்ளால் தெரிந்த அரைநிலவு, பின்னிரவில் மழையும் இருட்டும்: அதுதான் சரி. வடகீழ்ப் பருவமழை தொடங்கிய காலம். காலபோக வயல் விதைத்துப் பச்சை பிடித்திருக்கும், அறுவடை தை மாசியில். பனங்கிழங்கு இன்னும் பாத்திக்குள். கிண்டும் காலம் வரவில்லை. சாவகச்சேரியென்றால் பலாப்பழம் என்று கை தானாக எழுதும். ஐப்பசியில் பலாப்பழம் இல்லை.

பாதை. கொக்குவில் ஆட்கள் கல்வியங்காடு, நல்லூர்ப் பக்கத்தால் செம்மணி வீதிக்கு ஏறுவார்கள். பட்டினத்து ஆட்கள் கண்டி வீதியால் அரியாலை கடந்து வருவார்கள். இரண்டு வெள்ளமும் செம்மணியில் சந்தித்து ஒரே வீதியாகி நாவற்குழிப் பாலத்துக்குப் போகிறது. கோப்பாய்–கைதடிப் பாதை இன்னொன்று. அது கைதடியில்தான் கண்டி வீதியைத் தொடும். வடமராட்சிக்குப் போனவர்கள் வல்லைவெளியால் போனார்கள். வலிகாமத்திலிருந்து கிழக்கே போக இந்த ஒடுங்கிய தரைப்பாதைகளைத் தவிர வேறில்லை, நடுவில் கடல்நீரேரி. யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி ஏறக்குறைய 10 மைல். சாதாரண நாளில் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துச் சொச்சம். அன்றிரவு நாலு இலட்சத்துக்குக் குறையாத சனம் அதே வழிகளில் இறங்கியபடியால், பலருக்கு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டவே விடிந்துவிட்டது.

செம்மணி வெளியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், மாரியில். இரண்டு பக்கமும் உவர்நிலம், பழைய உப்பளங்கள், தண்ணீர். மரமில்லை, வீடில்லை, கிணறில்லை. நாலு பக்கமும் தண்ணீர் நிற்க, குடிக்க ஒரு மிடறு கிடையாது. குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணீரை ஏந்திப் பிள்ளைகளுக்குப் பருக்கியவர்கள் உண்டு. பெண்கள் ஒதுங்க ஒரு பற்றைகூட இல்லை. சீலையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். குண்டுவீச்சை எழுதும்போது காட்டுகிற கவனத்தை இந்த இடத்திலும் காட்டுங்கள். அந்த இரவை நடந்த பெண்களிடம் கேட்டால் பலர் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

சைக்கிளைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். கரியரின் இரண்டு பக்கமும் பை தொங்கும்: ஒன்றில் அரிசி, மற்றதில் உடுப்பு. மேலே பாய்ச்சுருள், அதற்குமேல் சட்டிபானை. பாரில் சின்னப் பிள்ளை. ஹாண்டிலில் ஒரு பக்கம் வாளியும் கயிறும், மறுபக்கம் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாங்குப் புத்தகம் வைத்த பை. அதை யாரிடமும் கொடுக்கமாட்டார்கள். பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போனால் முன்சில்லு எழும்பும். ஆகவே ஒருவர் ஹாண்டிலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் தாங்கவேண்டும். ஓட முடியாது, உருட்டத்தான் முடியும். நெரிசலில் முன்சில்லு முன்னுக்குப் போகிறவரின் குதிக்காலில் இடித்துக்கொண்டேயிருக்கும். மழையில் உடுப்புப் பையும் பாயும் தண்ணீர் குடித்துப் பாரம் கூடிவிடும். கம்பி நெளியும், றிம் பிறேக்கில் உரசத் தொடங்கும், இழுக்க இழுக்க வராது. அப்போதுதான் சாமான் ஒவ்வொன்றாக வீதியோரத்தில் இறங்கும். எதை முதலில் இறக்கினார்கள், எதைக் கடைசிவரை இறக்கவில்லை என்ற வரிசை ஒரு குடும்பத்தின் முழுக் குணத்தையும் காட்டிவிடும். அந்த வரிசையைத் தீர்மானிக்காமல் அத்தியாயத்தைத் தொடங்காதீர்கள். பாட்டாச் செருப்பின் வார் அறுந்து வெறுங்காலோடு நடந்தது அநேகமாக எல்லோருக்கும் பொது.

வாளியும் கயிறும் சும்மா சொல்லவில்லை. அவை இல்லாத குடும்பம், போய்ச்சேர்ந்த இடத்தில் கிணறு இருந்தும் தண்ணீருக்குக் கையேந்தும். அனுபவப்பட்டவர்கள், அதாவது 1990இலேயே மயிலிட்டி, காங்கேசன்துறை, தெல்லிப்பழைப் பக்கத்தால் ஒருமுறை எழும்பி வந்தவர்கள், அதை விடாமல் எடுத்தார்கள். அவர்களுக்கு இது இரண்டாவதோ மூன்றாவதோ இடப்பெயர்வு. உங்கள் நாவலில் அப்படி ஒரு வலிவடக்குக் குடும்பம் வந்தால், முதல்முறை வெளிக்கிடும் கொக்குவில் குடும்பத்துக்கும் அவர்களுக்கும் மூட்டை கட்டுவதிலேயே வித்தியாசம் தெரியவேண்டும்.

புறப்படும்போது செய்தவற்றையும் விடாதீர்கள். மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். கட்டிக்கொண்டு போக முடியாது, கட்டிவைத்துவிட்டுப் போனால் பட்டினியில் சாகும். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார்கள். நாய் பின்னால் வந்தது. வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகினார்கள், நாலு நாளில் திரும்பலாம் என்ற நினைப்பில்.

வாகனம், வெளிச்சம். 1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து எல்லாம் பொருளாதாரத் தடைக்குள். மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் ஒரு சொட்டை காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியபின்தான் மண்ணெண்ணெயில் விடுவது. வெள்ளைப் புகையும் மணமும் வரும். நெரிசலில் நிறுத்தி நிறுத்திப் போனால் எஞ்சின் ஆறும், பிளக்கில் கரி பிடிக்கும், திரும்ப ஸ்ராட் வராது. அன்றிரவு செம்மணியில் வாகனம் வைத்திருந்தவரும் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டி வந்திருக்கும். விளக்கென்றால் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டுக் கொஞ்ச மண்ணெண்ணெயை அதில் ஊறவிட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் திரி எடுத்த சிக்கன விளக்கு. காற்றுக்கும் மழைக்கும் அது நில்லாது. செய்தி சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் கேட்ட பிபிசி தமிழோசை, இரவு ஒன்பதேகாலுக்கு. சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழச் சாறு, சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி.

வானத்தில் எது பறந்தது என்பதில்தான் அதிகம் பேர் பிழைவிடுகிறார்கள். 1995 ஒக்ரோபரில் கிபிர் போர்விமானம் இல்லை. அது 1996இல் வந்தது. மிக்-27 விமானமும் பல்குழல் பீரங்கியும் 2000இல். 1995இல் சனத்தின் வாயில் இருந்த சொற்கள் புக்காரா, பொம்மர், ஹெலி, ஷெல். வாய்மொழியாகச் சொல்பவர்களும் இதைக் கலந்துவிடுவார்கள். 1990, 1995, 2000, 2009 என நாலு இடப்பெயர்வு கண்டவரின் ஞாபகத்தில் எல்லாம் ஒரே ஓட்டமாகிப்போவது இயல்பு. சேலையில் தைத்த மண்மூட்டை, தரப்பாளுக்குள் கஞ்சி, பங்கருக்குள்ளேயே புதைத்துவிட்டு நகர்ந்தது என்றெல்லாம் ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் 2009 வன்னி. 1995இல் போடாதீர்கள்.

இனித் தென்மராட்சி. சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், பளைவரை பள்ளிக்கூடங்களும் கோயில்களும் தேவாலயங்களும் நிரம்பின. மிச்சம் வீட்டு விறாந்தை, மாட்டுக்கொட்டில், மாமரத்தடி. ஒரு வீட்டுக் கிணற்றில் பத்துக் குடும்பம் அள்ளினால் காலையிலேயே தண்ணீர் கலங்கும்; ஊற நேரம் வேண்டும்; ஆகவே விடியப்புறம் மூன்று மணிக்கே வரிசை. மலசலகூடம் போதாது. பனங்கூடல்களுக்குள் பெண்கள் இருட்டோடு போய்வரவேண்டும்; அதற்காக மாலையில் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். நிவாரணம் எடுக்க விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) குடும்ப அட்டை பதியவேண்டும்.

சாதியை இந்த இடத்தில் ஒளிக்காதீர்கள். யாருக்கு விறாந்தை கிடைத்தது, யாருக்கு மரத்தடி, யார் கிணற்றில் தாங்களே அள்ளினார்கள், யாருக்கு வீட்டுக்காரர் அள்ளி ஊற்றினார்கள் என்பதில் அது நின்றது. மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம்களில் போர் முடிந்த பின்னும் பல வருடம் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் புரியும்: வேறிடத்தில் காணியும், வெளிநாட்டில் காசு அனுப்ப ஆளும் இல்லாதவர்கள். இடம் கொடுத்த தென்மராட்சிக் குடும்பங்களின் பெருந்தன்மையும் உண்மை, மூன்றாம் மாதம் வந்த முகச்சுளிப்பும் உண்மை. அதே சனம் 2000இல் சாவகச்சேரி போர்க்களமானபோது தாங்களே மூட்டை கட்டியது. உங்கள் கதை அவ்வளவு தூரம் போனால், அந்த வீட்டுக்காரர் கொக்குவிலுக்கு வந்து கதவைத் தட்டும் காட்சியை எழுதாமல் விடமுடியாது.

1996 ஏப்ரலில்தான் குடும்பங்கள் உண்மையில் உடைந்தன. படை தென்மராட்சிக்குள் வர, ஒரு பகுதி வலிகாமத்துக்குத் திரும்பியது. ஒரு பகுதி கிளாலிக் கடலால் வன்னிக்குப் போனது. ஆனையிறவு படையிடம் இருந்தபடியால் தரையால் போகமுடியாது. கிளாலியில் இரவில், வெளிச்சமில்லாமல், இயந்திரம் பூட்டிய ஒரு படகு பல வள்ளங்களைக் கயிற்றால் தொடுத்து இழுக்கும். இந்தக் கடலில் 1993இல் படகில் போன சனம் கடற்படையால் கொல்லப்பட்டதை எல்லோரும் அறிவார்கள். ஆச்சி திரும்ப, மகள் குடும்பம் வன்னிக்குப் போக, ஒருவரையொருவர் பார்க்க 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கும்வரை ஆறு வருடம். நடுவில் செஞ்சிலுவைச் சங்கக் கடிதம். நாவலின் முதுகெலும்பு இந்த ஆறு வருடம் என்றே நினைக்கிறேன். நடந்த இரவை முப்பது பக்கத்தில் முடித்துவிடலாம்.

ஒரு சின்னத் தகவல் இங்கே பெரிய உதவி செய்யும். 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. இயக்கத்தின் ஆட்சியில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. ஆக, கொக்குவிலில் ஆச்சிக்கு ஒரு நேரம், கிளிநொச்சியில் மகளுக்கு இன்னொரு நேரம். திவசத்துக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குப் படைத்தார்கள் என்று எழுதினால், எந்தப் பன்னிரண்டு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். வன்னிக்குப் போனவர்களை மலேரியா வாட்டியது. யாழ்ப்பாணத்து உடம்புக்கு அது பழக்கமில்லாத காய்ச்சல்.

இப்போது அப்புவின் சாவு. முறைப்படி நடந்தால் என்ன நடக்கும் என்பதை முழுக்க அறிந்துகொண்டுதான், நடக்காமற் போனதை எழுதவேண்டும். உடம்பைக் குளிப்பாட்டி, சைவக் குருக்கள் கிரியை செய்து, சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடி, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து, வாய்க்கரிசி போட்டு, பறையோடு எடுத்துப் போவார்கள். தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி, தாய்க்குக் கடைசி மகன். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, படலையோடு நின்றுவிடுவார்கள்.

அவர் 31ஆம் திகதி விடியப்புறம் செம்மணி வெளியில் போய்விட்டார் என்று வையுங்கள். கண்டி வீதியோரத்தில் சித்துப்பாத்தி மயானம் இருக்கிறது, தூரமில்லை. ஆனால் விறகு நனைந்திருக்கிறது, மண்ணெண்ணெய் ஒரு போத்தல்தான், குருக்களும் சனத்தோடு சனமாக எங்கோ நடக்கிறார். பின்னால் வருகிற கூட்டம் நிற்கவிடாது. மூன்று வழிதான்: சைக்கிளில் கட்டிக்கொண்டு கைதடிக்கு அப்பால் கொண்டுபோவது, அந்த மயானத்திலேயே குழிவெட்டித் தாட்டுவது, எரியாத விறகோடு மல்லுக்கட்டுவது. எதை எடுத்தாலும் ஆச்சி பக்கத்தில் நிற்கிறா. வாழ்நாளில் சுடலைக்குப் போகாத மனுசி, போகக்கூடாத இடத்தில் நிற்கிறா. அவவை அனுப்பிவைக்க வீடு இல்லை. இந்த ஒன்றைச் சரியாக எழுதினால் அந்த அத்தியாயத்துக்கு ஒரு ஒப்பாரி வரிகூட வேண்டாம்.

தாட்டால் காடாத்து இல்லை, சாம்பல் இல்லை. எரித்தால் மறுநாள் காடாத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். எதிரே வருகிற சனவெள்ளத்தை வெட்டிக்கொண்டு யார் போவது? எட்டுச் செலவு நவம்பர் 7, பூரணை நாள். அவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துப் படைக்கவேண்டும், இருப்பதோ நிவாரண அரிசி. முப்பத்தொன்று வரும்போது நவம்பர் முடிந்துவிடும். இன்னும் சில நாளில் பட்டினம் விழப்போகிறது. அந்தியேட்டிக்குக் கீரிமலை என்று எழுதாதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே அது படை வலயத்துக்குள் இருந்தது. வேறு கடற்கரையில்தான் செய்யவேண்டும்.

அதைவிடக் கடினமானது துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாளும் அந்தக் குடும்பம் கோயிலுக்குள் போகக்கூடாது. தங்கக் கிடைத்த இடமோ கோயில் மண்டபம். சொல்லவேண்டுமா, மறைக்கவேண்டுமா? சொன்னால் மழையில் எங்கே போவது? மறைத்தால் ஒவ்வொரு பூசை மணிக்கும் ஆச்சியின் நெஞ்சு என்ன பாடுபடும்? இந்தச் சிக்கலைக் கண்டும் காணாததுபோல் விட்ட குருக்கள் ஒருவரையும், விடாத கோயில்காரர் ஒருவரையும் நீங்கள் கற்பனை செய்யலாம், இருவரும் நம்பத்தக்கவர்களே.

ஆட்டைத் திவசம் திகதிக்கு அல்ல, திதிக்கு. ஐப்பசி வளர்பிறை அட்டமி, அல்லது இறந்த நேரத்தைப் பொறுத்து நவமி. பஞ்சாங்கம் பார்க்கவேண்டும். கொக்குவிலிலேயே அச்சான இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் வீட்டு அலமாரியில் விட்டுவந்த சாமான்களில் ஒன்றாயிருக்கலாம். முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அப்புவுக்கு இல்லை. வருடங்கள் கழித்து, வெளிநாட்டிலிருந்து மகன் காசு அனுப்பி அது அச்சாகும்போது, எந்த இடத்தில் இறந்தார் என்று எப்படி எழுதுவார்கள்? அந்த ஒரு வரிக்காகவே குடும்பத்துக்குள் சண்டை வரும்.

மகன் காணாமற் போனது முற்றிலும் வேறு வகை இழப்பு. இரண்டையும் ஒரே குரலில் எழுதக்கூடாது. அப்புவுக்குக் கணக்குத் தவறியது. மகனுக்குக் கணக்கே தொடங்கவில்லை. 1996இல், குறிப்பாக ஜூலை 4 ஸ்ரான்லி வீதிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, சுற்றிவளைப்பிலும் காவலரண்களிலும் பிடிபட்ட நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. முகத்தை மூடி ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் வரிசையாக நடக்கவைத்ததை நினைவு வைத்திருப்போர் பலர் இருக்கிறார்கள். தாய்க்கு அதன் பிறகு நடப்பதெல்லாம் அலுவலகம்: முகாம் வாசல், பொலிஸ், செஞ்சிலுவை, ஆணைக்குழு. ஒவ்வொரு பதிவிலும் ஒரு கேள்வி வரும்: வீட்டில் எத்தனை பேர்? அவனைச் சேர்த்துச் சொல்வதா, விட்டுச் சொல்வதா? குடும்ப அட்டையில், வாக்காளர் பட்டியலில், கிராம அலுவலரின் படிவத்தில் வருடாவருடம் அந்த எண்ணோடு அவள் போராடுகிறாள். மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு வரும். அதற்கு அவன் செத்தான் என்று கையெழுத்து வைக்கவேண்டும். காணாமற் போனமைக்கான சான்றிதழ் என்ற நடுவழி 2016இல்தான் சட்டமாக வந்தது, இருபது வருடம் கழித்து.

மகன் இயக்கத்துக்குப் போனவன் என்று முடிவெடுத்தால் எல்லாம் மாறும். எரிப்பதில்லை, இயக்கத்தின் மயானமான துயிலும் இல்லத்தில் புதைப்பார்கள், அதை 'விதைத்தல்' என்பார்கள். மாவீரர் நாளான நவம்பர் 27 அவனுக்குரிய நாளாகிவிடும். வீட்டுத் திவசம் பின்னுக்குப் போகும். கோப்பாய்த் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டதால் கல்லறையும் இல்லாமற் போன தாய்மார் உண்டு. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்வைக் கடைசிவரை மறைத்துவைத்து வாசகரைத் திகைக்கவைக்கும் உத்தி இந்த விஷயத்துக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

செம்மணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1999இல் அங்கே 15 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடி எலும்புக்கூடுகள். 1995இல் நடந்த சனத்துக்கு இது தெரியாது. அந்த இரவுக் காட்சியில் எதிர்காலத்தைச் சுட்டும் ஒரு சொல்லும் வேண்டாம். வாசகருக்குத் தெரியும்; அது போதும்.

துக்கத்தை உங்கள் பாத்திரங்கள் எப்படிச் சொல்வார்கள்? 'எனக்கு மனச்சோர்வு' என்று ஆச்சி சொல்லமாட்டா. 'ஒரே யோசனையாக் கிடக்கு', 'நெஞ்சு எரியுது', 'கைகால் உளையுது', 'நித்திரை இல்லை' என்று டொக்டரிடம் போவா, பெருமூச்சு விடுவா. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல வருடமாக எழுதிவருவதும் இதையொட்டியதுதான்: போரின் வடு தனியாளுக்குள் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் அயலிலும் சேர்ந்தே விழுகிறது, உடம்பின் நோவாகத்தான் அது வாய் திறக்கிறது.

இன்னொரு ஒக்ரோபர் 30 உண்டு. 1990இல் அதே நாளில் யாழ்ப்பாண முஸ்லிம்களை இயக்கம் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியது. வடக்கு முழுவதுமாக எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். பெரும்பகுதி புத்தளத்து முகாம்களில் இருபது வருடத்துக்கு மேல். கொக்குவில் குடும்பம் சோனகதெருவில் சாமான் வாங்கிய குடும்பம்தானே. ஐந்து வருடம் கழித்து அதே திகதியில் தாங்கள் மூட்டை கட்டும்போது அந்த வீட்டில் ஒருவருக்காவது அது ஞாபகம் வரவேண்டும். அதைப் பிராயச்சித்தக் காட்சியாக்க வேண்டாம். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பேசாமல் இருப்பதே போதும்.

பேச்சு வழக்கில் அளவு வைத்துக்கொள்ளுங்கள். 'இஞ்சை', 'அங்கை', 'உங்கை', 'எணை', 'ஓமோம்', 'வெளிக்கிடு', 'அவையள்' போன்றவை உரையாடலில் இயல்பாக வரட்டும். விவரிப்பைப் பொதுத் தமிழில் வைத்தால் படிக்கச் சிரமமிருக்காது. பேரப்பிள்ளை ஆச்சியை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடும். ஆச்சி அப்புவைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டா, 'இஞ்சருங்கோ' என்பா. அவர் போனபின் அந்தச் சொல்லை அவ யாரிடமும் பாவிக்கமாட்டா. அதை விளக்காமல் விட்டுவிடுங்கள்.

ஆட்களிடம் கேட்கும்போது 'அன்றைக்கு எப்படி உணர்ந்தீர்கள்' என்று தொடங்கவேண்டாம். அழவைக்கும், தகவல் வராது. 'சைக்கிள் யார் உருட்டினது? என்ன சாமான் ஏத்தினீங்கள்? முதற்சோறு எங்கை, யார் சமைச்சது? எந்தக் கிணறு?' என்று கேளுங்கள். கை செய்த வேலையைச் சொல்லத் தொடங்கினால் மற்றது தானாக வரும். வந்தால் எழுதுகிற பேனையை வைத்துவிட்டு இருங்கள், அன்று மேலே கேட்காதீர்கள். திகதியைச் சரிபார்க்க 'நூலகம்' இணைய ஆவணகத்தில் அந்தக் காலத்துப் பத்திரிகைகளும் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளும் இருக்கின்றன; கல்வெட்டுகளில் இறந்த இடமும் அச்சான ஆண்டும் பொருந்தாதவற்றைத் தேடிப் படியுங்கள்.

எழுதி முடித்த படியை இரண்டு பேரிடம் கொடுங்கள்: அந்த வீதியால் நடந்து வந்த ஒருவர், தென்மராட்சியில் அவர்களுக்கு வீடு திறந்துவிட்ட ஒருவர். முதலாமவர் பாதையையும் மழையையும் திருத்துவார். கிணற்றடியில் நடந்ததை இரண்டாமவர் திருத்துவார்.